ஒற்றை விசில் சோறு

அடுப்படியிலிருந்து குக்கர் விசில் ஒன்று வீட்டையே கிழித்துக்கொண்டு வந்தது.

முன்னறையில் தேஜஸ்ரீக்குத் தலை வாரிக்கொண்டிருந்த குழந்தையம்மாள் சீப்பை நிறுத்தி, அடுத்த விசிலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டாள். வரவில்லை. அடுப்பை அணைக்கும் சத்தம் டக்கென்று கேட்டது. அப்புறம் கனமான எதையோ தரையில் இறக்கும் சத்தம். துணி சரசரக்கும் சத்தம். அவ்வளவுதான்.

"ஏங்கண்ணு, உங்கம்மா எப்பவும் ஒரே விசில்தான் உடுமா?"

"ஆமாங்க அத்தை."

குழந்தையம்மாள் சடையை இழுத்து இறுக்கினாள். புழுங்கலரிசியும் துவரம்பருப்பும் தட்டைப்பயறும் போட்டு அரிசிம்பருப்புச் சோறு வைப்பதைச் சற்று முன்புதான் கண்ணால் பார்த்திருந்தாள். ஒரு விசிலில் அரிசியே வேகாதே, தட்டைப்பயறு எப்படி வேகும்? வளர்கிற பிள்ளைக்கு விதைத் தானியத்தையா தின்னக் கொடுக்கிறாள் இந்தப் பாவி?

அதற்குள் சித்ரகலா முந்தானையில் கையைத் துடைத்தபடி வெளியே வந்துவிட்டாள். நாத்தனாரின் முகத்தை நிமிர்ந்து பார்க்கக்கூட அவளுக்கு நேரமில்லை. மகளின் கையில் ஒரு டம்ளர் ராகிப்பாலையும் அவித்த முட்டையையும் திணித்தாள். நின்றபடியே பிள்ளை அதை முடிக்கும்வரை கதவருகில் காவல் நின்றாள்.

"மத்தியானம் வந்தர்றனுங்க நங்கையா. பாப்பாவும் வந்துரும். நீங்க ஒண்ணுஞ் செய்ய வேண்டாங்க, படுத்துக்கோங்க."

தாயும் மகளும் சந்து முனையில் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்தார்கள். ஒருத்தி பள்ளிக்கூடத்துக்கு, ஒருத்தி பனியன் கம்பெனிக்கு. திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் காலை நேரத்தில் யாரும் நடப்பதில்லை. எல்லோரும் ஓடுகிறார்கள்.

குழந்தையம்மாள் அந்த வீட்டுக்குச் சும்மா விருந்தாட வரவில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வந்திருந்தாள்.

தம்பி தமிழ்செல்வன் மூலைக்கடை ஒரு ரூபாய் போனிலிருந்து அவளை அழைத்து அழுதிருந்தான். பள்ளிக்கூடத்துப் பிரேயரில் தேஜஸ்ரீ மயங்கி விழுந்துவிட்டாள். பிள்ளை வெறும் வயிற்றோடு வந்திருக்கிறது என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னாராம். "எங்களால முடியலீங்கக்கா. நான் அருள்புரத்துல நிட்டிங் மிஷின்ல நிக்கறன், அவ இங்க ஓவர்லாக் மிஷின்ல குந்தியிருக்கறா. புள்ளைக்கு வேளைக்குச் சோறு போட ஆளில்லீங்க. நீங்க கொண்டு போயி வளத்துங்க."

அந்தக் குரலைக் கேட்டதிலிருந்து குழந்தையம்மாளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குன்னத்தூரில் அவளுக்கு வாசல் நிறைய இடம் இருந்தது. கறக்கிற மாடு இரண்டு இருந்தன. கணவன் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஓடிவிட்டன. ஆண்டவன் ஒரு பிள்ளையை மட்டும் கொடுக்கவில்லை. எத்தனையோ நாள் பாலைக் காய்ச்சி ஆற்றி வைத்துவிட்டு, இதை யார் குடிப்பது என்று அந்தப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கேட்காமலே கையில் வந்து விழுகிற வரத்தை யார்தான் வேண்டாம் என்பார்கள்?

நேற்று மாலை அவள் வந்து இறங்கியபோது சித்ரகலா அழவில்லை, சண்டை போடவில்லை. முகம் கல்லாட்டம் இருந்தது. "ஒரு நாள் இருந்து பாருங்க நங்கையா. எம்புள்ளைக்கு நான் ஒழுங்காச் சோறு போடலீன்னு உங்க மனசுக்குப் பட்டா, நானே துணி மடிச்சு வெச்சு அனுப்பி வெக்கறன்" என்று மட்டும் சொன்னாள். சொன்னபடியே பிள்ளையின் பாவாடை சட்டைகள் மடிக்கப்பட்டு, ஒரு பெரிய கட்டைப்பையில் கதவோரம் காத்திருந்தன.

'பெத்தவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரலையே!' என்று குழந்தையம்மாளுக்கு அப்போதே மனம் விட்டுப்போயிற்று.

இப்போது அவள் விறுவிறுவென்று அடுப்படிக்குள் போனாள். அரைவேக்காட்டுச் சோற்றை முதலில் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

அடுப்பின் மேல் குக்கர் இல்லை.

மேடையின் கீழ் பார்த்தாள், பரணில் பார்த்தாள், குளியலறையில்கூட எட்டிப் பார்த்தாள். ஒரு குக்கர் எங்கே போகும்? சோற்றைக் குக்கரோடு கம்பெனிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாளா? இல்லையே, கையில் வெறும் தண்ணீர் பாட்டில்தானே இருந்தது!

அடுப்புக்கு எதிர்மூலையில் ஏற்றுமதிச் சரக்கு போகும் அட்டைப்பெட்டி ஒன்று பழைய போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. போர்வையை விலக்கினால் வாய்வரை பனியன் வேஸ்ட். கம்பெனியில் துணி வெட்டும்போது விழுகிற துண்டும் துணுக்கும். திருப்பூர்ப் பக்கம் அது இல்லாத வீடு ஏது? வண்டி துடைக்க, தரை துடைக்க, கைப்பிடித் துணிக்கு என்று எல்லா வீட்டு மூலையிலும் ஒரு குவியல் கிடக்கும். 'சமைக்கற எடத்துல குப்பைய வெச்சிருக்கறா பாரு' என்று முனகியபடி பெட்டியை இழுத்தாள். அசையவில்லை. கையை விட்டு வேஸ்ட்டை வாரி வாரித் தரையில் போட்டாள்.

உள்ளே, தொட்டில் துணியில் சுற்றிய குழந்தை மாதிரி, குக்கர் இருந்தது.

கரண்டிக் காம்பால் வெயிட்டைத் தூக்கினாள். புஸ்ஸென்று ஆவி சீறியது. திறந்து ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினால் நடுவில் வெள்ளையாக விதை நின்றது. தட்டைப்பயறு கல் மாதிரி நழுவியது.

அவ்வளவுதான். குழந்தையம்மாளின் மனசுக்குள் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. ஐயோ, இதைத்தானே தினமும் அந்தப் பச்சை மண்ணு விழுங்குகிறது! மயக்கம் போட்டு விழாமல் என்ன செய்யும்?

குக்கரில் இன்னும் இரண்டு செம்புத் தண்ணீரை ஊற்றி, மூடி, அடுப்பைப் பற்ற வைத்தாள். ஊர் வழக்கப்படி ஏழெட்டு விசிலாவது விட்டால்தான் ஆகும் என்று முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு விசிலும் வருவதற்கு முன்னால் நீல நெருப்பு சிறுத்தது, மஞ்சளாகி ஒருமுறை துள்ளியது, அணைந்தது. சிலிண்டர் காலி.

அந்த அடுப்படியில் வேறு ஒரு சுள்ளி நெருப்பு கிடையாது. குழந்தையம்மாள் என்ன செய்வாள்! உச்சி வெயில் ஏறும்வரை குக்கரையும் தரையில் பரந்து கிடந்த வேஸ்ட்டையும் மாறி மாறிப் பார்த்தபடி, வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள்.

மதியம் கம்பெனிச் சங்கு ஊதிய சூட்டோடு தாயும் மகளும் ஒன்றாகவே உள்ளே நுழைந்தார்கள். பிள்ளைதான் முதலில் பார்த்தது.

"அம்மா! பொட்டியப் பிரிச்சுப் போட்டிருக்குது!"

சித்ரகலா அடுப்படி வாசலில் நின்றாள். குழந்தையம்மாள் முந்திக்கொண்டாள்.

"நான்தாம் பிரிச்சன். அரைவேக்காட்டுச் சோத்தக் குப்பைக்குள்ள ஒளிச்சு வெச்சுட்டுப் போயிருக்கற! ஏனம்மிணி, இது நாயமா?"

"ஒளிச்சு வெக்கலீங்க நங்கையா. வேக வெச்சுட்டுப் போனனுங்க."

"பொட்டிக்குள்ள என்ன நெருப்பா எரியுது வேகறதுக்கு?"

"நெருப்பு இல்லீங்க. சூடு இருக்குதுங்க. அதை ஓட உடாமப் புடிச்சு வெச்சா, அதுவே வேக வெச்சுக்குமுங்க."

குழந்தையம்மாள் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது. "நான் அடுப்படியிலயே தலை நரைச்சவ. எங்கிட்டயே கதை உடற. கேஸும் தீந்து போச்சு. புள்ளைக்கு இப்ப எதைப் போடுவ?"

சித்ரகலா சேலையைத் தூக்கிச் செருகினாள். கை கழுவினாள். அதற்கப்புறம் நடந்ததைக் குழந்தையம்மாள் சாகும்வரை மறக்கப் போவதில்லை.

மேடைமேல் வரிசையாக டப்பாக்கள் இருந்தன. எது எங்கே என்று அந்தப் பெண் பார்க்கக்கூட இல்லை. இடக்கை போன இடத்தில் அவல் இருந்தது. கழுவித் தண்ணீர் தெளித்து ஓரம் வைத்தாயிற்று. வலக்கை ஆணியில் தொங்கிய ஈரத்துணி மூட்டையை அவிழ்த்தது. உள்ளே பச்சைப்பயறு வெள்ளை வெள்ளையாக முளை விட்டுச் சிரித்தது. கேரட் துருவலாகி விழுந்தது. ஞாயிற்றுக்கிழமையே வறுத்துத் தோல் ஊதி வைத்த நிலக்கடலை, துருவிய தேங்காய், கொத்துமல்லி, எலுமிச்சம்பழம் பிழிந்த கையோடு உப்பு. ஊறிய அவல் அதோடு சேர்ந்து பூவாட்டம் மலர்ந்தது. இன்னொரு கிண்ணத்து அவலில் வெல்லமும் வாழைப்பழமும் விழுந்தன.

கம்பெனியில் ஒரு சட்டை பத்துப் பேர் கை மாறித்தான் முழுச் சட்டையாகும். இங்கே அந்தப் பத்துப் பேருடைய கையும் ஒருத்திக்கே முளைத்திருந்தது! குழந்தையம்மாள் வாயில் போட்ட வெற்றிலையை மெல்லவும் மறந்து நின்றாள். நெருப்பே இல்லாமல் ஒரு விருந்து!

"அத்தை, உக்காருங்க. அம்மா இனிப்பு அவல் செஞ்சா எனக்கு லாட்டரி" என்று தேஜஸ்ரீ தட்டைத் தள்ளினாள். முளைப்பயறு அவள் பல்லில் நறுக் நறுக்கென்று உடைந்தது. தாயும் மகளும் ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிட்டார்கள். பிள்ளை இரண்டு வாய் தின்றால் ஒரு வாயைத் தாய்க்கு ஊட்டியது. அவளோ வாங்கிக்கொண்டே எழுந்து, குக்கரைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"கெடலீங்க. ஆனாத் தண்ணி கூடிப் போச்சு. இது இனிச் சோறு இல்ல, கஞ்சி. ராத்திரிக்கு ஆகும்."

பக்கத்து வீட்டு ரங்காத்தாளின் அடுப்பில் ஒரு விசில் விட்டு எடுத்து வந்தாள். பெட்டியின் அடியில் வேஸ்ட்டை மெத்தையாகப் பரப்பி, குக்கரை இறக்கி, சுற்றிலும் கையால் குத்திக் குத்தி அடைத்தாள். மேலே போர்வை.

"நங்கையா, பொழுதோட இதைத் தொறந்து பாருங்க. அப்பவும் அரைவேக்காடா இருந்தா, அந்தப் பையத் தூக்கீட்டுப் புள்ளையோட கெளம்பிருங்க. நான் ஒரு வார்த்தை பேச மாட்டன்."

சொல்லிவிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு ஓடினாள். அவள் குரல் ஆடவில்லை. கதவுப்படியைத் தாண்டும்போது கால் மட்டும் ஒருமுறை இடறியது.

பிற்பகல் முழுதும் குழந்தையம்மாள் அந்தப் பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். திறந்து பார்க்கக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டாள். உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்தாள். துளிச் சூடு இல்லை. சுவரைத் தொட்டது போல இருந்தது. இதற்குள்ளா ஒரு சோறு வெந்துகொண்டிருக்கிறது?

ரங்காத்தாள் குடத்தோடு எட்டிப் பார்த்துக் கேலி செய்தாள். "என்னுங்க குன்னத்தூரம்மா, அடை காக்கறீங்களா?"

"இந்த வித்தைய இவளுக்கு ஆருங்க சொல்லிக் குடுத்தது?"

"ஆரு சொல்லிக் குடுப்பாங்க! வந்த புதுசுல, சோத்துப் போசிய மிஷின்கிட்ட வெக்கக் கூடாதுன்னு சூப்பர்வைசர் திட்டுனானாமா. இவ போயிக் கட்டிங் டேபிளுக்கு அடியில, வேஸ்ட்டுக் குவியலுக்குள்ள சொருகி வெச்சிருக்கறா. மத்தியானம் எடுத்தா வெரலு சுட்டுருச்சாமா. மத்தவளா இருந்தா ஊதி ஊதித் தின்னுட்டுப் போயிருப்பா. இவ ராத்திரியெல்லாம் அதையே நெனச்சிருக்கறா."

குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவள் வாசல்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். "எத்தன நாள் கொழஞ்சு போச்சு, எத்தன நாள் வேகாமப் போச்சு! உங்க தம்பி பொறுமையாத் தின்னாருங்க. ஒரு நாள் மட்டும், 'இன்னிக்குச் சோறா, பொரியா?'ன்னு கேட்டுப்போட்டாரு. இவ மூணு நாள் பேசலியே! இப்ப இந்த லைன்ல எல்லா ஊட்டுலயும் பொட்டி இருக்குதுங்க. ஞாயித்துக்கெழம சந்தை கலையற நேரம் போயிக் காயி வாங்கியாந்து, ஆஞ்சு, அரிஞ்சு, வறுத்து வெச்சர்றோம். மத்த நாள்ல தூக்கிப் போடறதுதான் வேலை. எம் புருசன் ஒருக்காக் குப்பைன்னு பொட்டியத் தெருவுல கொட்டீட்டாரு. குக்கர் உருண்டு போயிச் சாக்கடையில உழுந்துச்சு. நீங்க பரவால்லீங்க, ஊட்டுக்குள்ளதான் கொட்டுனீங்க!"

குழந்தையம்மாளுக்கு வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

பள்ளிக்கூடம் விட்டுத் தேஜஸ்ரீ வந்ததும் அவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பிள்ளை ஒல்லிதான். ஆனால் கன்னத்தில் மினுமினுப்பு இருந்தது, தலைமுடி கருகருவென்று அடர்ந்திருந்தது. நேற்று இதையெல்லாம் ஏன் இந்தக் கண் பார்க்கவில்லை?

"சாமி, அன்னிக்கு ஏங்கண்ணு சாப்புடாமப் போன?"

பிள்ளை வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தியது. "அம்மாகிட்டச் சொல்லக் கூடாதுங்க அத்தை. அன்னிக்கு அவசரச் சரக்குன்னு அம்மாவுக்கு விடிய விடிய வேலை. விடிஞ்சுதான் வந்து படுத்துச்சு. அப்பாவும் ஊட்டுல இல்ல. எழுப்புனாச் சோறாக்கக் கெளம்பீரும். தூங்கட்டும்னு நானே சத்தமில்லாமக் கதவச் சாத்தீட்டுப் போயிட்டனுங்க."

குழந்தையம்மாள் பிள்ளையின் தலையைக் கோதிவிட்டாள். மனசில் தேக்கி வைத்திருந்ததைக் கேட்டாள். "குன்னத்தூர் வர்றியா கண்ணு? அத்தைகிட்டப் பாலு, தயிரு, வெண்ணெ எல்லாம் இருக்குது. கன்னுக்குட்டி இருக்குது."

பிள்ளைதானே, கன்றுக்குட்டி என்றதும் கண் விரிந்தது.

"வர்றனுங்க. ஆனா மத்தியானம் பொட்டி தொறக்கறது ஆருங்க அத்தை? நான் வருவன்னுதான் அம்மா கம்பெனியில இருந்து ஓடியாரும். நான் லீவுக்கு அம்மாயி ஊருக்குப் போனப்ப அது ஊட்டுக்கே வரலியாமா. டீ குடிச்சுட்டு மிஷின்லயே குந்திக்கிச்சாமா. ரங்காத்தாளக்கா சொன்னாங்க. நான் இல்லீன்னா அது சாப்புடாதுங்க."

யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது போல் இருந்தது குழந்தையம்மாளுக்கு. யாருக்கு யார் சோறு போடுகிறார்கள் இந்த வீட்டில்? பிள்ளை பட்டினி என்று ஓடி வந்தாளே, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் இங்கே பட்டினி கிடக்கப் போவது யார்? அவளுக்குத் தெரியாதா, தனியாக இருப்பவளுக்குச் சோறு எப்படி இறங்கும் என்று!

பொழுது சாயும்போது அருள்புரத்தில் ஷிப்ட் முடிந்து தமிழ்செல்வன் வந்தான். அவன் பின்னாலேயே, அன்று கூடுதல் ஷிப்ட்டுக்கு நிற்காமல் சித்ரகலாவும் வந்தாள். அவள் கண் முதலில் கட்டைப்பைமேல்தான் போயிற்று. அது இருந்த இடத்திலேயே இருந்தது. பெட்டியும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"தொறக்கலீங்களா?"

"நீ வருவீன்னுதான் இருந்தன். இது நீயும் உம்மகளும் தொறக்கற பொட்டியாமா. இன்னிக்கு நான் தொறக்கட்டுமா அம்மிணி?"

சித்ரகலா தலையை அசைத்தாள். தமிழ்செல்வன் மகளின் தோளைப் பிடித்தபடி நின்றான்.

குழந்தையம்மாள் போர்வையை எடுத்தாள். காலையில் அள்ளி எறிந்த அதே வேஸ்ட்டைக் கோயில் பூவை எடுப்பது போலக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து மடியில் வைத்தாள். உள்ளே போகப் போகக் கைக்குச் சூடு தட்டியது. குக்கரைத் தொட்டவள் "அடி ஆத்தா!" என்று கையை உதறினாள். மூடியைத் திறந்ததும் வெள்ளை ஆவி எழுந்து அவள் முகத்தை மூடியது. சீரகமும் பூண்டும் சின்ன வெங்காயமும் மணத்தன. காலையில் கல்லாக நழுவிய தட்டைப்பயறு விரல் பட்டதும் வெண்ணெய் மாதிரி நசுங்கியது.

இத்தனை நேரமும் அடுப்பு எரியவில்லை, யாரும் கிளறவில்லை. ஒரே ஒரு விசில் சூட்டை, ஊரே கூட்டித் தள்ளுகிற வெட்டுத்துணி பொத்திப் பொத்திக் காப்பாற்றி வைத்திருந்தது. வெளியே தொட்டால் சில்லென்று இருந்த பெட்டி! குழந்தையம்மாள் தலை நிமிர்ந்து சித்ரகலாவைப் பார்த்தாள். நேற்று கல் என்று நினைத்த முகம். அந்த முகத்தில் இப்போது கண்ணீர் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஊத்தம்மிணி கஞ்சிய" என்றாள் குழந்தையம்மாள்.

கஞ்சியில் முருங்கைக்கீரையைக் கிள்ளிப் போட்டு, கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டு, நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்து குடித்தார்கள். இரண்டாவது கிண்ணத்தைக் குழந்தையம்மாளே கேட்டு வாங்கினாள். யாரோடாவது உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை காலமாயிற்று!

குன்னத்தூர் பஸ்ஸுக்கு நேரமானது. தமிழ்செல்வன் மெல்ல எழுந்து கட்டைப்பையைத் தூக்கினான். "அக்கா... பாப்பா துணியெல்லாம் இதுலதானுங்க."

"அதை இங்க குடு."

வாங்கியவள் பையைக் கவிழ்த்தாள். பாவாடை சட்டைகள் பாயில் விழுந்தன. பெட்டி மூலைக்குப் போய், மீந்திருந்த பனியன் வேஸ்ட்டை இரண்டு கையாலும் அள்ளி அந்தப் பைக்குள் அமுக்கினாள். தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை.

"எங்கூட்டுல குக்கர் இருக்குதுடா. இதுதாண்டா இல்ல. ஒருத்திக்குன்னு அடுப்புப் பத்த வெக்க மனசு வராம நான் எத்தன நாள் வெறும் மோரைக் குடிச்சுட்டுப் படுத்திருக்கறன், தெரியுமா? இனி நானும் காலைல ஒரு விசில் உட்டு மூடி வெச்சுக்கறன்." பிறகு சித்ரகலாவின் பக்கம் திரும்பினாள். "ராவெல்லாம் வேலை இருக்கற நாளைக்கு மின்னாடியே எனக்குப் போன் போடு. நான் வந்து புள்ளைக்குத் துணை படுத்துக்கறன். லீவு உட்டா நீயும் அவளும் சேந்து வரோணும். கன்னுக்குட்டி பாக்கோணுமாமா அவளுக்கு. ஒருத்திய உட்டுட்டு ஒருத்தி வந்தீங்கன்னா ஊட்டுக்குள்ள சேத்த மாட்டன், ஆமா!"

"நங்கையா..." என்று சித்ரகலா அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். ஓவர்லாக் மிஷினில் காய்த்துப்போன விரல்கள். குழந்தையம்மாள் அந்த விரல்களைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பெரியவள் சின்னவளுக்கு அப்படிச் செய்வது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. அவளுக்கு அது தோன்றவே இல்லை.

"அத்தை, நடுவுல தொறந்து பாக்கக் கூடாதுங்க!" என்று தேஜஸ்ரீ எச்சரித்தாள்.

"இனிப் பாப்பனா கண்ணு!"

பையை மார்போடு அணைத்துக்கொண்டு குழந்தையம்மாள் படி இறங்கினாள். பை பெரிதாக இருந்தது, கனமே இல்லை. சந்து முனையில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். வாசலில் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் கையை ஆட்டி உள்ளே போகச் சொன்னாள். பிள்ளை உள்ளே ஓடியது, பெற்றவர்கள் பின்னால் போனார்கள், கதவு சாத்திக்கொண்டது.